சாம்புகா பால் போல் வெளுத்தால் பயம் வேண்டாம்

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் இத்தாலியில் இருந்து சாம்புகா என்கிற சோம்பு மணமுள்ள இனிப்பு மது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். ஐஸ் தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெளுத்துவிட்டது. மாம்பழ ஜூஸில் கலந்தால் ஒரே திகட்டல், சோம்பு வாடை மட்டும்தான் தெரிகிறது. பழச்சுவையோடு இனிப்பாக எப்படிக் கலப்பது? பதநீர் சேர்க்கலாமா?
– மண்டபத்தில் இருந்து ஒரு வாசகர்

பதில்: பாட்டில் கெட்டுப்போகவில்லை. சோம்பு மணத்துக்குக் காரணம் அனித்தோல் என்கிற எண்ணெய்ப் பொருள். சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீரோ ஐஸோ சேர்ந்து சாராயத்தின் வீரியம் குறைந்ததும் அந்த எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து வெளுப்பாகத் தெரிகிறது. கிரேக்கர்களின் ஊஸோ, பிரான்சின் பாஸ்டிஸ் போன்ற சோம்பு மண மதுக்கள் எல்லாமே இப்படித்தான் வெளுக்கும்.

உங்கள் சிக்கல் அளவில்தான் இருக்கிறது. பிராந்தி ஊற்றுகிற கணக்கில் 60 மி.லி. ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாம்புகாவில் லிட்டருக்குக் குறைந்தது 350 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அப்படியென்றால் 60 மி.லி.யில் 21 கிராம், அதாவது நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை. அதன்மேல் மாம்பழம் வேறு! திகட்டாமல் என்ன செய்யும்? சாம்புகாவை மதுவாக நினைக்காமல் மசாலாவாக நினையுங்கள். பிரியாணிக்கு அன்னாசிப்பூ எவ்வளவு போடுவோமோ அந்த மாதிரி, ஒரு கிளாஸுக்கு 15 மி.லி. போதும். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியே இதற்குச் சரியாக இருக்கும்.

பழத்தில் என் முதல் தேர்வு தர்பூசணி. அதன் மணம் மெல்லியது, தண்ணீர்ச்சத்து அதிகம், சோம்போடு மோதாது. விதை நீக்கிப் பிழிந்த சாறு 90 மி.லி., வெள்ளை ரம் 30 மி.லி., சாம்புகா 15 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் ஐஸ் நிறையப் போட்டு, வெளிப்புறம் வியர்க்கும் வரை குலுக்கி வடிகட்டுங்கள். எலுமிச்சையைக் குறைத்துவிடாதீர்கள், இனிப்பைத் தாங்கிப் பிடிப்பதே அந்தப் புளிப்புதான். அன்னாசி, ஆரஞ்சும் நன்றாகச் சேரும். பழுத்த மாம்பழக் கூழ் எனக்குப் பிடிப்பதில்லை, கனமாக உட்கார்ந்துவிடும். மாம்பழம்தான் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி இளநீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள்.

பதநீரைப் பற்றிக் கேட்டது மகிழ்ச்சி. பனங்காடு சூழ்ந்த ராமநாதபுரம் கடலோரத்தில் இருந்துகொண்டு அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் பதநீரோடு எலுமிச்சை பிழியாதீர்கள். புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குவார்கள். எலுமிச்சையின் அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடும், நீங்கள் எதிர்பார்த்த புளிப்பு கிடைக்காது. புளிப்புக்குப் பதில் காரம் கொண்டு வாருங்கள்: குளிர்ந்த பதநீர் 120 மி.லி., ரம் 30, சாம்புகா 10 மி.லி. மட்டும், அரை டீஸ்பூன் இஞ்சிச் சாறு. இதைக் குலுக்க வேண்டாம், கரண்டியால் கலக்கினால் போதும். மேலே இளம் நுங்கைச் சின்னதாக நறுக்கிப் போடுங்கள். நுங்கை அரைத்து ஊற்றினால் அதன் மணம் சோம்புக்குள் காணாமல் போய்விடும். துண்டாக இருந்தால்தான் வாயில் தெரியும். பனையின் மணமும் சோம்பும் சேர்வது அவ்வளவு பொருத்தம், தர்பூசணியைவிட இதையே நான் உயர்வாகச் சொல்வேன்.

ஐஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் மீனுக்குப் போடும் பார் ஐஸ் எளிதாகக் கிடைக்கும். அது குடிப்பதற்காகச் செய்ததில்லை, கிளாஸுக்குள் வரவே கூடாது. வீட்டு ஐஸையும் கேன் தண்ணீரில் போடுங்கள். உப்புச்சுவை ஏறிய நிலத்தடி நீரில் போட்ட ஐஸ் உருக உருகப் பழச்சுவையைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று. தர்பூசணிக் கலவையில் ஐஸ் உருகிய பிறகும் சாராயம் கிட்டத்தட்ட 10 சதவீதம் இருக்கும். இனிப்பும் குளிர்ச்சியும் அதைத் தெரியாமல் மறைத்துவிடும். விருந்தாளிகளுக்கு அளவைச் சொல்லிக் கொடுங்கள். வண்டி ஓட்டுபவருக்கும் விடியற்காலை கடலுக்குப் போகிறவருக்கும் வேண்டாம். அவர்களுக்குச் சோம்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறவைத்து, அதே தர்பூசணிச் சாற்றில் கொஞ்சம் சர்க்கரையோடு கலந்து கொடுங்கள். சோம்பிலும் அதே அனித்தோல்தான் இருக்கிறது.

மீதி சாம்புகாவை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் அனித்தோல் உறைந்து படிகமாகப் பிரியலாம். வெயில் படாத அலமாரி போதும். ஊற்றி முடித்ததும் பாட்டில் வாயை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை ஒட்டி மூடி இறுகிவிடும், எறும்பும் வரும்.