வளரும் விரல்களும் முட்டம் பாறைகளும்

கேள்வி: மேலூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 11 முதல் 15 வயது வரை ஆறு பிள்ளைகள் கிளைம்பிங் பழகுகிறார்கள். பள்ளியில் மூன்றரை மீட்டர் உயரத்தில் பிளைவுட் சுவர் இருக்கிறது. அடுத்த ஆண்டு தென்மண்டலப் போட்டிக்கு அனுப்ப ஆசை. விரல் பலம் ஏற, கோடை விடுமுறையில் ஒரு வாரம் முட்டம் கடற்கரைப் பாறைகளுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறேன். 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு வாரமாக நடுவிரலின் நடுமூட்டில் வலி. தைலம் தடவிக்கொண்டு ஏறுகிறான். பயிற்சியை எப்படி அமைக்கலாம்?

பதில்: பயணமும் போட்டியும் இருக்கட்டும். அந்தப் பையன் இன்றிலிருந்து சுவரைத் தொட வேண்டாம்.

அந்த வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அது குருத்தெலும்பு, சுற்றியிருக்கும் தசைநாரைவிட வலுக்குறைந்தது. பெரியவர்கள் விரலில் அடிபட்டால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் ‘பட்’டென்று தசைநார் கிழியும், வலி உள்ளங்கைப் பக்கம் இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு ‘இந்த நிமிஷத்தில்தான் அடிபட்டது’ என்று சொல்ல எதுவும் இருக்காது. தொடர்ந்து ஏறும் சுமையில் வளர்ச்சித் தட்டோரம் விரிசல் விழும், வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நடுவிரல் அல்லது மோதிரவிரலின் நடுமூட்டை மேல்பக்கம் அமுக்கினால் சுள்ளென்று இருக்கும். நீங்கள் எழுதிய வயதும் இடமும் இதோடு ஒத்துப்போகின்றன. முறிவு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கோ, உங்கள் ஊர் எலும்பு மருத்துவரிடமோ போகலாம். போனதும், “கிளைம்பிங் பயிற்சி எடுக்கிற பையன், வளர்ச்சித் தட்டில் முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுளுக்கு என்று மாத்திரையோடு திரும்பிவர நேரிடலாம். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகும். வலி நின்றபாடில்லை என்றால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். உருவிவிடுவது, நெட்டி எடுப்பது, எண்ணெய்க் கட்டு எதுவும் கூடாது. ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அறுவைசிகிச்சை இல்லாமலே கூடிவிடும். வலியோடு ஏறவிட்டால் மூட்டு கோணிப்போய் விரல் முழுதாக மடங்காத நிலைகூட வரலாம்.

இது வருவதற்கு முக்கியக் காரணம் முழுக் கிரிம்ப்: விரலின் நடுமூட்டைச் செங்குத்தாக மடக்கி, மேலே கட்டைவிரலைப் பூட்டிப் பிடிக்கும் பிடி. சின்ன விளிம்பில் அதுதான் பிள்ளைகளுக்குப் பலமாகத் தோன்றும், ஆனால் பாரம் முழுக்க நடுமூட்டில் இறங்கும். உங்கள் ஆறு பேருக்கும் இப்போதைக்கு விரல்களை நீட்டிப் பிடிக்கும் விரித்த கைப்பிடியும், கட்டைவிரலைப் பூட்டாத அரைக் கிரிம்ப்பும் போதும். கேம்பஸ் போர்டு (கால் வைக்காமல் கையாலேயே ஏறும் மரச்சட்டப் பலகை) வேண்டாம். இடுப்பில் எடை கட்டித் தொங்குவதும் வேண்டாம். மாதம் ஒருமுறை சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறித்து வாருங்கள். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் வேகமாக வளர்வார்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சின்னப் பிடிகளை அறவே நிறுத்திக் கால் வேலைக்கு மாற்றுங்கள். விரலுக்கு வேலை அதிகமுள்ள இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள். வாரம் மூன்று நாள் தாராளம்.

எடை விஷயத்தில் ஒரு வார்த்தை. “கொஞ்சம் இளைத்தால் லேசாக ஏறலாம்” என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதீர்கள். பட்டினி போடும் பிள்ளைக்கு எலும்பு மெலியும், பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், அடிபட்டால் ஆறாது.

இனி, விரல் பலத்துக்காகக் கடற்கரைப் பாறை என்ற யோசனை. இதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய போல்டரிங் (கயிறில்லாமல் குட்டைச் சுவரிலோ பாறையிலோ ஏறுவது) போட்டிச் சுவரில் சின்ன விளிம்பைவிடப் பெரிய வால்யூம்களும் (சுவரில் பொருத்தும் பெட்டி போன்ற புடைப்புகள்), ஓடித் தாவும் நகர்வுகளும், வழுவழுப்பான சரிவில் காலை நம்பி நிற்பதும்தான் அதிகம். இயற்கைப் பாறை கற்றுக்கொடுப்பது கால் வைக்கும் துல்லியத்தையும், பிடிகளை நிறத்தால் காட்டாத இடத்தில் வழியைக் கண்ணால் படிப்பதையும். அதற்காகப் போங்கள், நல்லதே.

போட்டிக்குத் தேவையானதை உங்கள் பள்ளிச் சுவரிலேயே செய்யலாம். 18 மி.மீ. பிளைவுட்டில் தச்சரிடம் சொல்லி முக்கோண வால்யூம் நான்கைந்து செய்து வாங்குங்கள். அவற்றில் இரண்டின் ஒரு முகத்துக்கு மட்டும் சன்மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். போட்டிகளில் பாதி சொரசொரப்பாகவும் பாதி கண்ணாடி மாதிரியும் வரும் பிடிகளுக்கு இதைவிட மலிவான மாற்று இல்லை. பிடி பொருத்த எம்10 டி-நட் (பலகையின் பின்பக்கம் பதிக்கும் மரை), எம்10 ஆலன் போல்ட். தாவும் பயிற்சியைக் கால் மெத்தையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குள் இருக்கும்படி ஆரம்பியுங்கள். வாரத்தில் ஒரு நாள் போட்டி ஒத்திகை: பிள்ளைகள் முன்பின் பார்த்திராத நான்கு வழிகள், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம், நடுவே 5 நிமிடம் ஓய்வு, வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது. சர்வதேசப் போல்டரிங்கில் 2025 முதல் டாப்புக்கு (உச்சிப் பிடி) 25 புள்ளி, ஸோனுக்கு (நடுவழியில் குறித்த பிடி) 10, வீணான ஒவ்வொரு முயற்சிக்கும் 0.1 குறைப்பு. ஆகவே முதல் முயற்சிக்கு முன் அரை நிமிடம் நின்று வழியைப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் விசில் ஊதியதும் பாய்ந்துவிட்டு, மூன்றாவது முயற்சியில்தான் கால் பிடியைப் பார்க்கிறார்கள்.

முட்டத்துக்குப் போவதானால் நீங்கள் நினைத்திருக்கும் மாதம்தான் சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் கன்னியாகுமரிக் கரையில் கள்ளக்கடல் வரும். தெற்கே வெகுதூரத்தில் எழும்பும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். 2024 மே மாதம் அதே மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், கடல் இன்னும் மோசம். பொங்கல் விடுமுறைக்கோ, ஜனவரி, பிப்ரவரி வார இறுதிக்கோ தள்ளிவையுங்கள். புறப்படும் முன்பும் அங்கே ஒவ்வொரு காலையிலும் ஹைதராபாத் இன்காய்ஸ் (INCOIS) கடல் தகவல் மையத்தின் அலை எச்சரிக்கையைப் பாருங்கள், மீனவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

போல்டரிங்கில் ஏறுகிறவரும் கீழே நின்று காக்கிறவரும் பாறையைப் பார்த்தே நிற்பார்கள்; இருவர் முதுகும் கடலுக்கு. அதனால் கடலை மட்டும் பார்த்து நிற்க மூன்றாவதாக ஒரு பெரியவர் வேண்டும், செல்போன் இல்லாமல். பாறையில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும் கோட்டையும், அதற்கு மேலே ஈரத்தில் கறுத்த பட்டையையும் பாருங்கள். விழுந்தால் தாங்கும் மெத்தையை விரிக்கும் இடம் அந்தப் பட்டைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். விரிப்பதற்கு முன் 20 நிமிடம் அலையைக் கவனியுங்கள், பெரிய அலைகள் இடைவெளி விட்டுக் கூட்டமாக வரும்.

மணல்தானே, விழுந்தால் வலிக்காது என்று நம்பாதீர்கள். ஈர மணல் இறுகிக் கிடக்கும், அடியில் கல் புதைந்திருக்கும், ஒரு பெரிய அலைக்குப் பிறகு மணல் மட்டமே மாறியிருக்கும். 10 செ.மீ.க்குக் குறையாத தடிமனுள்ள கிராஷ் பேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை) குறைந்தது மூன்று வேண்டும், இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போடுங்கள். இரண்டு பேட்டுக்கு நடுவே கால் இறங்கினால் கணுக்கால் போய்விடும். கடல்நீர் குடித்த பேட் விழுகையைத் தாங்காது. பிள்ளைகளின் கால் பேட்டுக்கு மேல் 2 மீட்டரைத் தாண்ட வேண்டாம். போட்டிச் சுவரிலேயே இந்த உயரத்துக்கு உச்ச வரம்பு 3 மீட்டர்தான், அங்கே தரை முழுக்க மெத்தை. கீழே நிற்பவர் விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. இடுப்புக்கு மேலே கை வைத்து, தலையும் முதுகும் பேட்டில் விழும்படி திருப்பிவிட்டால் போதும்.

காலையில் பாறை காய்ந்தது போலவே தெரியும், ஆனால் மேலே படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சாக் (கை வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடி) தடவிப் பாருங்கள். சாக் குழைந்து பசை மாதிரி ஆனால் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். பழைய போல்ட் எதுவும் பாறையில் அடித்திருந்தால் அதில் கயிறு மாட்டவே வேண்டாம், வெளியே பளபளவென்றிருந்தாலும் உப்புக் காற்றில் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் ஏறினால் மூன்றாவது நாள் ஓய்வு. திரும்பும் முன் ஷூவையும் கையையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன், பக்கத்திலேயே மலை இருக்கிறதே என்றும் தோன்றும். கீழவளவு, சமணர் மலை, யானைமலை போன்றவற்றில் சமணப் படுக்கைகளும் கல்வெட்டுகளும் சிற்பங்களும் உள்ளன. அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, பாறை முகப்புகளில் வல்லூறுகள் கூடு கட்டும் இடம். இங்கெல்லாம் ஏறுவதும் சாக் பூசுவதும் கூடாது. கைவிட்ட கிரானைட் குவாரி அதைவிட ஆபத்து, வெடி வைத்த பாறையில் எந்தத் துண்டு எப்போது பெயரும் என்று சொல்ல முடியாது, கீழே ஆழமான தண்ணீர். யாருடைய பட்டா நிலத்திலாவது தனிப்பாறை இருந்து, உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தால், விடியற்காலை ஆறிலிருந்து எட்டரை மணிவரை அங்கே ஏறலாம். மாலையில் பாறை பகல் சூட்டை விடாது, கை வியர்த்து வழுக்கும். போன உடனே சுற்றிலும் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பேட்டை இறக்குங்கள்.