வேனுக்குப் புது ரேடியோ: நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்

ஹட்டனிலிருந்து: அண்ணா, பழைய டொயோட்டா டொல்பின் ஹைஏஸ் வேன் ஒன்றில் படுக்கையும் அடுப்பும் வைத்துச் சுற்றுலா வேனாக்கிவிட்டேன். புது ரேடியோவும் வாங்கியாச்சு. கறுப்புக்குக் கறுப்பு, சிவப்புக்குச் சிவப்பு என்று வயரைச் சேர்த்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. கடையில் வாங்கும் ரேடியோ செட்டில் மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய வயர், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். டொயோட்டாவின் சொந்த வயரிங்கில் கணக்கே வேறு. அங்கே கறுப்பும் சிவப்பும் பெரும்பாலும் பின் ஸ்பீக்கர் வயர்கள், எர்த் மண்ணிறத்தில் இருக்கும். நிறம் பார்த்துச் சேர்த்தால் செட் எரியக்கூடும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து வேனின் வயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு. சாவியை முதல் சுற்றில் வைத்ததும் வருவது சிவப்புக்கு. பார்க் லைட் போட்டால் மட்டும் வருவது செட்டின் விளக்கு வயருக்கு. பிறகு பெட்டரி முனையைக் கழற்றிவிட்டு, வேனின் பொடியோடு (இரும்பு உடலோடு) தொடர்பு காட்டும் எர்த்தைத் தேடுங்கள். ஸ்பீக்கர் ஜோடிகளைக் கண்டுபிடிக்க 1.5 வோல்ட் பென்சில் பெட்டரி போதும். ஒரு நொடி தொட்டால் ‘டக்’ என்று சத்தம் வரும். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால் பெட்டரியின் பிளஸ் பட்ட வயர்தான் பிளஸ். ஸ்பீக்கர் மைனஸை மட்டும் பொடியில் கட்டிவிடாதீர்கள்.

டொயோட்டாவுக்கான 10 முனை, 6 முனை மாற்றுப் பிளக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். வேனின் வயரை வெட்டவே வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து: இரவெல்லாம் பாட்டுக் கேட்டோம். காலையில் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்தக் குளிரில் பெட்டரியின் பலம் எப்படியும் குறையும், அதில் பாட்டும் சேர்ந்தால் தாங்குமா? படுக்கைப் பக்கத்துக்கு இரண்டாவது பெட்டரி இருந்தால் மஞ்சள், சிவப்பு இரண்டையும் அதிலிருந்தே எடுங்கள். சிவப்புக்கு நடுவே ஒரு சுவிட்ச் போடுங்கள். செட்டில் குறித்திருக்கும் அளவில் ஒரு பியூஸ், பெட்டரிக்குப் பக்கத்திலேயே. வேனின் பழைய இரண்டு வயர்களையும் தனித்தனியே டேப் சுற்றி விடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: சாவியை எடுத்தால் நிலையங்களெல்லாம் மறந்துபோகிறது.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும், அல்லது இரண்டும் சாவி வயரிலேயே இருக்கும்.

பதுளையிலிருந்து: ஜப்பானிலிருந்து வந்த செட்டில் 90க்கு மேல் ஒன்றும் வரவில்லையே?

அங்கே பழைய செட்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். நம் எப்எம் 88 முதல் 108 வரை. செட்டில் நாட்டை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறு செட்தான்.

அப்புத்தளையிலிருந்து: மிட்சுபிஷி ரோசா பஸ் ஒன்றைச் சுற்றுலா வண்டியாக மாற்றுகிறோம் ஐயா. அதே செட் போதுமா?

முதலில் வோல்ட்டை அளந்து பாருங்கள். பல ரோசாக்கள் 24 வோல்ட். 12 வோல்ட் செட்டுக்கு அதை நேரே கொடுத்தால் அன்றைக்கே போய்விடும். இரண்டு பெட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கும் பழக்கமும் வேண்டாம், அந்த ஒன்று சீக்கிரம் செத்துப்போகும். 24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் ஒன்று போட்டு, அதிலிருந்து எடுங்கள்.