உபுண்டுவில் பழைய பைத்தானை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவலாமா?

நீக்காதீர்கள். நான் நீக்கிப் பார்த்தவன்.

வண்ணார்பேட்டையில் மாமாவின் ஜெராக்ஸ் கடைக் கணினியில் உபுண்டு 20.04 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தது நான்தான். அதோடு வந்தது நிரல்மொழியான பைத்தான் 3.8. நான் எழுதிய பில் நிரலில் 'மேட்ச்' கட்டளை இருந்தது, அது 3.10-இல்தான் வந்தது. ஒரு கணினிக்கு இரண்டு பைத்தான் எதற்கு என்று, பழையதை நீக்க 'ஆப்ட் ரிமூவ்' கொடுத்தேன் (ஆப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உள்ள கருவி). நீக்கப்படும் மென்பொருள் பொதிகளின் பட்டியல் திரையை நிறைத்தது. திரைக்காட்சியைத் தரும் 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்ற பெயரும் அதில் இருந்திருக்கிறது. நான் பட்டியலைப் படிக்கவே இல்லை, 'ஒய்' தட்டினேன். மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரையில் 'லாகின்' என்ற ஒற்றைச் சொல். ஹால் டிக்கெட் எடுக்க நின்ற பிள்ளைகள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். "என்ன மருமகனே, படத்தையே காணோம்?" என்றார் மாமா.

உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல பைத்தானில் எழுதப்பட்டவை. அதை எடுத்தால், அதைச் சார்ந்த எல்லாவற்றையும் ஆப்ட் சேர்த்தே எடுத்துவிடும். எங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் ஒரு மடையை அடைக்கும் முன் கீழே யார் யார் வயல் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் புத்தி எனக்குக் கணினி முன்னால் வரவில்லை.

புதிய பைத்தானைப் பழையதன் பக்கத்திலேயே வையுங்கள். மூல நிரலிலிருந்து நீங்களே தொகுத்தால் 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். 'பைத்தான்3' என்ற பெயர் பழையதிடமே இருக்கும். அந்தப் பெயரைப் புதியதற்குத் திருப்பிவிடும் யோசனையும் வேண்டாம். சில சமயம் கட்டளை தட்டும் சன்னலான டெர்மினலே திறக்காது. நூலகங்களை 'வென்வ்' என்னும் தனிச்சூழலுக்குள், பைத்தானின் நிறுவல் கருவியான 'பிப்' கொண்டு போடுங்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில், 2023-இல் வந்த டெபியன் 12 முதல், தனிச்சூழலுக்கு வெளியே நிறுவச் சொன்னால் பிப் மறுத்துவிடுகிறது. பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

ஏற்கெனவே நீக்கிவிட்டீர்களா? மறுதொடக்கம் செய்யாதீர்கள், திறந்திருக்கும் டெர்மினலையும் மூடாதீர்கள். இணையம் இருக்கும்போதே 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து பைத்தான்3, உபுண்டு-டெஸ்க்டாப் இரண்டையும் திரும்ப நிறுவுங்கள். வேறு என்னென்ன போயிற்று என்பது ஆப்ட்டின் 'ஹிஸ்டரி' பதிவுக் கோப்பில் நாள், நேரத்தோடு இருக்கும். நான் கறுப்புத் திரையிலேயே உள்நுழைந்து, அதைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக மீட்டேன். கடை திறக்க மாலையாகிவிட்டது.