கத்தரிப் பாத்தியில் படர்ந்திருப்பது மூக்கிரட்டையா?

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கத்தரிப் பாத்தியில் ஒரு செடி தரையோடு படர்ந்து வருகிறது. இலை வட்டமாகவும் சற்றுத் தடித்தும், தண்டு சிவந்தும் உள்ளன. இளஞ்சிவப்புப் பூ இலைக் கக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு பூக்கிறது. மூக்கிரட்டை என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். இதைச் சமைக்கலாமா, ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: தாங்கள் எழுதியுள்ள அடையாளங்களில் பூ இருக்கும் இடமே விடையைத் தருகிறது. இலையும் தண்டும் மட்டும் தெரிந்திருந்தால் என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது; ஏனெனில் மூக்கிரட்டைக்கும், அதைப் போலவே தரையில் படரும் சாரணை என்ற களைக்கும் சிவந்த தண்டு உண்டு, இரண்டிலும் எதிரெதிராக அமைந்த இலைச் சோடியில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருக்கும். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதாலும், ஒரே பெயரை இரண்டுக்கும் வழங்குவதாலும் குழப்பம் கூடுகிறது. நாட்டு மருந்துக்குச் சேகரிக்கப்படும் மூக்கிரட்டை வேரிலேயே சாரணை வேர் கலந்துவிடுவது உண்டு.

சாரணையில் இலைக்காம்பின் அடி விரிந்து தண்டைத் தழுவிய சிறு பை போல அமைந்திருக்கும்; அதற்குள் பாதி மறைந்தவாறு, காம்பில்லாமல், ஒற்றைப் பூ பூக்கும். காய் முற்றியபின் பிரித்தால் சிறுநீரக வடிவக் கரிய விதைகள் இருக்கும். மூக்கிரட்டையின் பூக்களோ மிகச் சிறியவை. கிளைத்த மெல்லிய காம்புகளின் நுனியில் சிறு கொத்துகளாக, இலைகளை விட்டு விலகி நிற்கும். அதன் காய் பிசுபிசுப்பாக இருப்பதால் வேட்டியிலும் ஆட்டு ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும், இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும், தோண்டினால் தடித்த ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். ஆகவே தங்கள் பாத்தியில் இருப்பது சாரணை என்றே கருதுகிறேன். மஞ்சள் பூ இருந்திருந்தால் பருப்புக்கீரையாக இருக்கும் என்று சொல்லியிருப்பேன். ஒரு தண்டை ஒடித்தும் பார்த்துவிடுங்கள்; பால் வடிந்தால் அது இம்மூன்றில் எதுவும் அன்று, அம்மான் பச்சரிசி வகையைச் சேர்ந்தது.

சாரணையின் இளந்தளிரைக் கீரையாக உண்ணும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்றாலும், இப்போது சமைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பூத்து முற்றிய இலை வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆக்சலேட் என்னும் உப்பு மிகுதியாக இருப்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டும். ஆடுகள் மேய்ச்சலில் மற்றப் புல்லோடு ஓரிரு வாய் கடித்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் களையாகப் பறித்ததைக் கூடை கூடையாக, பசியோடிருக்கும் ஆட்டுக்கு அதை மட்டுமே போடுவது ஆபத்தானது. ஆக்சலேட்டோடு நைட்ரேட் என்னும் உப்பும் இச்செடியில் சேர்வதுண்டு, எருவிட்ட பாத்தியில் வளர்ந்ததில் அது கூடுதலாகவே இருக்கக்கூடும்.

களையை நீக்குவதில் காலம் முக்கியம். சாரணை முளைத்த சில வாரங்களிலேயே பூத்து, ஓராண்டிலேயே பல தலைமுறை காணக்கூடியது. தங்கள் செடிகள் பூத்துவிட்டதால், இன்னும் ஒரு வாரம் தள்ளினாலும் விதை மண்ணில் விழுந்துவிடும். அடுத்த மழைக்கு இதைவிட அடர்த்தியாக முளைக்கும். நீர் பாய்ச்சிய மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பூக்காத செடியைப் பாத்தியிலேயே காயவிடலாம். பூத்ததை வெளியே எடுத்து வெயிலில் நன்கு உலர்த்தி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போட வேண்டாம். வீட்டு எருக்குழியின் சூடு விதையைக் கொல்லப் போதுமானதாக இருப்பதில்லை.

பிடுங்கிய பின் கத்தரிச் செடிகளுக்கிடையே வைக்கோலையோ கரும்புச் சோகையையோ நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால், மேல்மண்ணில் கிடக்கும் சிறு விதைகள் வெளிச்சமின்றிப் பெரும்பாலும் முளைக்காது. அடுத்த பருவத்தில் நடவுக்கு முன் பாத்திக்கு ஒருமுறை நீர்விட்டு, களை முளைத்ததும் மேலாகக் கொத்திவிட்டு நடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் விதைகள் மேலே வந்துவிடும்.