லெவல்லேண்டில் நின்றுபோன கார்கள்

கேள்வி: 1957-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரே இரவில் 15 கார்களைப் பறக்கும் தட்டு நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது. விசாரித்த விமானப்படை ‘மின்னல்’ என்று சொல்லி உண்மையைப் புதைத்துவிட்டது. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கும் நீங்கள் இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பாதியை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பாதி என்று தெரிந்தால் நீங்கள் மகிழமாட்டீர்கள்.

முதலில் அந்த 15. நவம்பர் 2 இரவு லெவல்லேண்ட் காவல் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகள்தான் சுமார் 15. வண்டி நின்றது என்றவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர். மற்றவர்கள் வெளிச்சத்தை மட்டும் பார்த்தவர்கள். வந்த அழைப்பெல்லாம் உங்கள் கடிதத்தில் காராகிவிட்டது. கட்டெறும்பு வளர்ந்து கழுதையாவது இப்படித்தான்.

எண்ணிக்கையைக் குறைத்தாலும் சங்கதி சாதாரணமானது அல்ல. லெவல்லேண்ட், லபக் நகருக்கு மேற்கே பருத்தி வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர். மேடு பள்ளமே இல்லாத தரை. ஊரின் பெயருக்கே அதுதான் பொருள். இரவு 11 மணியளவில் ஒரு லாரி ஓட்டுநர் காவல் நிலையத்தை அழைத்தார். ராக்கெட் போன்ற ஏதோ ஒன்று நெருப்பாய் ஜொலித்தபடி தலைக்கு மேல் போனது, என்ஜினும் விளக்கும் அணைந்தன, அது போனபின் வண்டி மறுபடி கிளம்பியது என்றார். குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்தார் அங்கிருந்த காவலர். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு சாலையிலிருந்து வேறொருவர் அதே கதையைச் சொன்னார். அதன்பிறகு தொலைபேசி ஓயவில்லை. தேடிப் போன ஷெரிஃப் வெயர் கிளெமே தொலைவில் ஒரு செவ்வொளியைப் பார்த்ததாகச் சொன்னார்.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர். கார் நின்றதும் அவர் வானத்தைப் பார்க்கவில்லை. இறங்கி பானெட்டைத் திறந்தார். நிற்பதற்கு முன், மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் துள்ளியதைக் கவனித்து வைத்திருந்தார். பானெட்டை மூடித் திரும்பியபோதுதான் சாலையில் அந்த ஒளியைக் கண்டார். கேலி செய்வார்கள் என்று பயந்து, மறுநாள் பெற்றோர் வற்புறுத்திய பிறகே காவல்துறையிடம் சொன்னார்.

இனி உங்கள் விமானப்படை. பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க அது நடத்திய ‘ப்ளூ புக்’ திட்டத்தின் சார்பில் வந்தது ஒரே ஒரு சார்ஜன்ட். சுமார் 7 மணி நேரம் ஊரில் இருந்தார், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் பேசினார், கிளம்பினார். தீர்ப்பு: புயல் மழையில் எழுந்த பந்து மின்னல் (ஒளிரும் உருண்டையாகத் தெரியும் மின்னல்) அல்லது அது போன்ற மின் நிகழ்வு, வண்டிகள் நின்றது அவற்றுக்குள் இருக்கும் மின்கம்பிகள் நனைந்ததால். என்ஜினுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம் புகுந்தால் அந்தக் காலத்துக் கார் இருமி நிற்கும், உண்மைதான். ஆனால் முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரிகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்ததற்காக அது ஏன் அணைய வேண்டும்? பந்து மின்னலோ அன்றைய இயற்பியலுக்கே விளங்காத பொருள். ஒரு புதிருக்கு இன்னொரு புதிரை விடையாக எழுதிக் கோப்பை மூடினார்கள். வளிமண்டல இயற்பியலாளர் ஜேம்ஸ் மெக்டொனால்ட் பின்னாளில் அன்றைய வானிலை வரைபடங்களை எடுத்துப் பார்த்தார். அந்தப் பகுதியில் இருந்தது உயர் அழுத்தம். இடி மின்னலுக்கு நேர் எதிரான வானிலை.

அந்தத் தீர்ப்புக்குத் தலையசைத்தவர் திட்டத்தின் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக். பந்து மின்னல் என்று அவசரத்தில் ஒப்புக்கொண்டதற்காகத் தான் பெருமைப்படவில்லை என்று 1972-ல் அவரே எழுதினார். அவசரத்துக்குக் காரணமும் சொன்னார்: ரஷ்யர்களின் செயற்கைக்கோளைப் பின்தொடரும் பணியில் இரவு பகல் பாராமல் இருந்தாராம். லாரிக்காரர் தொலைபேசியை எடுப்பதற்கு இரண்டரை மணி நேரம் முன்புதான் லைக்கா நாயுடன் ஸ்புட்னிக்-2 கிளம்பியிருந்தது. தலைக்கு மேல் ரஷ்யன் சுற்றிக்கொண்டிருக்கும்போது பருத்திக்காட்டில் நின்ற காருக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

ஆகவே விசாரணை உருப்படியாக நடக்கவில்லை என்ற பாதியில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அந்தச் சார்ஜன்ட் சரியாக வேலை செய்யவில்லை என்பதிலிருந்து வேற்றுக்கிரகவாசி வந்தான் என்பது எப்படிக் கிடைத்தது? அவர் 7 மணி நேரமாவது ஊரில் இருந்தார். நீங்கள் கும்பகோணத்திலிருந்தே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

‘புதைத்துவிட்டது’ என்ற சொல்லையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். 1969-ல் ப்ளூ புக் மூடப்பட்டபோது மொத்தம் 12,618 புகார்கள். விடை கிடைக்காதவை என்று அவர்களே ஒப்புக்கொண்டவை 701. லெவல்லேண்ட் அந்த 701-ல் இல்லை, தீர்ந்துபோன கணக்கில் இருக்கிறது. அதற்காக நீங்கள் கோபப்பட்டிருந்தால் நானும் சேர்ந்து கோபப்பட்டிருப்பேன். கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கின்றன. படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கார்களின் எண்ணிக்கையையும் அப்போது திருத்திக்கொள்ளலாம்.