வைட்டமின் ஈ மாத்திரையைத் தினமும் போடலாமா?

முடி கொட்டுது, முகம் டல்லா இருக்கு என்று மதுரை மெடிக்கல் ஷாப்புகளில் பச்சை கேப்ஸ்யூலைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்குவது சகஜம். அது உள்ளே போய் என்ன செய்கிறது?

வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும் சத்து. ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. அதில் ஓரிடம் ஆக்சிஜன் பட்டுக் கெட்டால் அடுத்தடுத்துத் தொற்றிக்கொண்டே போகும். குறுக்கே நின்று அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்வது இந்த வைட்டமின். தீபாவளி முறுக்கு நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்குமே, அதே கெடுதல்தான். உசிலம்பட்டிப் பக்கம் செக்கில் ஆட்டும் கடலெண்ணெயிலும் இயல்பாகவே வைட்டமின் ஈ இருப்பதால்தான் வாடை கொஞ்சம் தாமதிக்கிறது.

பெரியவர்களுக்கு நாளுக்குச் சுமார் 15 மில்லிகிராம் போதும். ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் 5 மில்லிகிராமுக்கு மேல், ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலையில் 2 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். கேப்ஸ்யூலிலோ 400 மில்லிகிராம்! கொழுப்பு உறிஞ்சப்படாத குடல், கல்லீரல் நோயாளிகளுக்குத்தான் பெரும்பாலும் பற்றாக்குறை வரும். டாக்டர் எழுதித்தந்தால் சாப்பாட்டோடு போடுங்கள். வெறும் வயிற்றில் சரியாகச் சேராது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் தொடவே வேண்டாம், ரத்தம் உறையாமல் கசியலாம். தினமும் 400 யூனிட் (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

கேப்ஸ்யூலைக் கிள்ளித் தடவினால் தழும்பு மறையும் என்பதும் தப்பு; சிலருக்கு அரிப்பும் தடிப்பும்தான் மிச்சம்.