மரம் தின்னும் புழுவுக்கு பி.டி. பாக்டீரியா: உங்கள் கேள்விகள்

விருத்தாசலம் பக்கம் பெருமரம் (தீக்குச்சி மரம்) வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மஞ்சளும் கறுப்புமாக, வெள்ளை முடியோடு ஒரு புழு மரத்தையே மொட்டையடிக்கிறது. பி.டி. அடித்தேன், மறுநாளும் புழு இருக்கிறது. போலி மருந்தா?

அவசரப்பட வேண்டாம். பி.டி. என்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பட்டால் கொல்லும் விஷம் இல்லை. புழு அதைத் தின்ன வேண்டும். இந்த பாக்டீரியா வித்தோடு (உறங்கும் நிலையில் இருக்கும் அதன் வடிவம்) சேர்த்து ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அதில் படிகம் கரைந்து குடல் சுவரில் ஓட்டை போடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும், சாக இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் மறுநாள் புழுவை எண்ணாதீர்கள். மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். கடுகு கடுகாக விழும் எச்சம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது.

மூன்றாம் நாளும் எச்சம் கொட்டுகிறதா? பெரும்பாலும் புழு முற்றியிருக்கும். பொரித்த சில நாளில், குஞ்சுப் புழுவாக இருக்கும்போதே அடித்தால்தான் நல்ல பலன். அப்புறம் வெயில். சூரிய ஒளி இந்த மருந்தைச் சில நாளில் சிதைத்துவிடும். சாயங்காலம், ஒட்டுத்திரவம் கலந்து, இலையின் அடிப்புறமும் நனையும்படி அடியுங்கள். தண்டில் பட்டை நிறத்தில் ஒட்டியிருக்கும் கூட்டைத் தட்டிப் பாருங்கள், உள்ளிருந்து கரகரவென்று சத்தம் வரும். அது கூட்டுப்புழு. எதையும் தின்னாது என்பதால் மருந்து அதை ஒன்றும் செய்யாது. சுரண்டி எடுத்து அழித்துவிடுங்கள்.

அடித்த தழையை ஆடு தின்றால்?

பயம் வேண்டாம். அந்தப் புரதம் பிடித்துக்கொள்ள ஆட்டுக் குடலில் இடமில்லை. பொடியைக் கரைக்கும்போது மட்டும் நீங்கள் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள்.

பாகூரில் தேக்கு வைத்திருக்கிறேன். ஐப்பசியில் இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. அடிக்கலாமா?

காசை வீணாக்காதீர்கள். நரம்பை விட்டுவிட்டுப் பச்சையை மட்டும் சுரண்டும் புழு அது. எப்படியும் உதிரப் போகிற முற்றிய இலையைத்தான் தின்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது புதுத் தளிர் விடும் பருவத்தில் வந்து, இலையை முழுசாகத் தின்னும் இன்னொரு புழுவுக்குத்தான். கேரளத்தில் நிலம்பூரின் இளம் தேக்குத் தோட்டங்களில் ஆய்வு செய்தபோது, அது மரம் பெருக்கும் கன அளவில் 44 சதவீதத்தைப் பறித்தது தெரியவந்தது. பி.டி.யை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சவுக்குப் பட்டையில் மரத்தூள் ஒட்டிய நூலாம்படை மாதிரி இருக்கிறது. இதற்கும் பி.டி. கேட்குமா?

கேட்காது. பகலில் தண்டுக்குள் துளையில் பதுங்கி, இரவில் அந்த நூலாம்படைக்கு அடியிலேயே வந்து பட்டையைத் தின்னும் புழு அது. மேலே அடிக்கிற மருந்து அதன் வாய்க்குப் போகாது. நூலாம்படையைத் துடைத்தெடுத்து, துளையில் கம்பி விட்டுக் குத்தி, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். பண்ணுருட்டி முந்திரித் தோட்டக்காரர்களும் கேட்டிருந்தார்கள். தண்டு துளைக்கும் வண்டுக்கும் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் பி.டி. உதவாது.

புதுச்சேரியில் கொசுப்புழுவுக்குத் தண்ணீரில் விடுகிறார்களே, அதையே மரத்துக்கும் அடிக்கலாமா?

குடும்பம் ஒன்று, ரகம் வேறு. கொசுப்புழுவுக்கு இஸ்ரேலென்சிஸ், 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. புதுச்சேரியிலேயே உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இதே வகையில் பி-17 என்ற ரகத்தைப் பிரித்தெடுத்திருக்கிறது. மரத்து இலையைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு வேண்டியது குர்ஸ்டாகி ரகம். வாங்கும்போது டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

பக்கத்து நிலத்தில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். நான் பெருமரத்துக்கு அடித்தால் பிரச்சினை வருமா?

வரும். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற ஆய்வாளர் இந்த பாக்டீரியாவை முதலில் கண்டதே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான். சாரல் ஒரு மல்பெரி இலையில் பட்டாலும் அவர்கள் தட்டு தட்டாகப் புழுவை இழக்க நேரும். வேலி ஓரத்து வரிசைகளில் தெளிக்கவே வேண்டாம், அங்கே புழுவைக் கையால் பொறுக்குங்கள். மற்ற இடத்தில் காற்று அவர்கள் பக்கம் வீசாத நாளாகப் பார்த்து, முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு அடியுங்கள்.